பக்கத்து வகுப்பின் சுவரோரம்

ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டுக்குச் சில பிற்பகல்களில் ஒரே ஒரு வகுப்பு மட்டும் நடக்கும். மற்ற வகுப்புப் பிள்ளைகள் முன்னதாகவே வீட்டுக்குப் போயிருப்பார்கள். தலைமையாசிரியர் உட்படப் பள்ளியின் ஆசிரியர்கள் எல்லோரும் அந்த ஒரு வகுப்பறையின் சுவரோரமாக நிற்பார்கள். கையில் அன்றைய பாடத்திட்டம், எந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம், ஒரு பேனா. 45 நிமிடப் பாடம் முடிந்து பிள்ளைகள் கிளம்பியதும் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, பார்த்ததைப் பற்றிப் பொழுது சாயும்வரை பேசுவார்கள். இந்த முறைக்கு ஜுக்யோ கென்க்யூ என்று பெயர். தமிழில் பாட ஆய்வு எனலாம். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துக் கற்பித்தலைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் வழிகள் உலகில் பல உண்டு. அவற்றுள் நீண்ட வரலாறும் தெளிவான ஒழுங்கும் கொண்டது இது.

ஆசிரியத் தொழில் தனிமையான தொழில். இளம் மருத்துவர் பெரிய மருத்துவரின் அருகில் நின்று அறுவை சிகிச்சையைப் பார்க்கிறார். இளம் வழக்கறிஞர் மூத்தவரின் வாதத்தை நீதிமன்றத்தில் அமர்ந்து கேட்கிறார். ஆசிரியரோ வேலையில் சேர்ந்த முதல் நாளே தனி வகுப்பறைக்குள் போய்விடுகிறார். முப்பது ஆண்டுகள் கழித்து ஓய்வு பெறும்போதும், பக்கத்து அறையில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டான் லார்ட்டி, அமெரிக்க ஆசிரியர்களைப் பற்றி 1975-இல் எழுதிய நூலில் இதன் இன்னொரு பக்கத்தைச் சுட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்பது அவர் கணக்கு. ஆனால் பார்த்ததெல்லாம் மாணவர் இருக்கையிலிருந்து. ஆசிரியர் அந்தக் கேள்வியை ஏன் அப்போது கேட்டார், எந்தப் பையனின் நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கணக்கை மாற்றினார் என்பது அங்கிருந்து தெரியாது. ஆகவே புதிதாக வருபவர், தமக்குப் பாடம் நடத்தியவர்கள் நடத்தியது போலவே நடத்தத் தொடங்குகிறார்.

தமிழ்நாட்டில் வகுப்பின் கடைசி வரிசையில் வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அது அதிகாரி நடத்தும் ஆய்வு. பி.எட். படிக்கும் காலத்தில் சக பயிற்சி ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதுவது படிப்பின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. பணியில் சேர்ந்தபின் அந்தப் பழக்கம் அநேகமாக நின்றுவிடுகிறது. இதனால் வரும் இழப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. பின்னக் கணக்கை எந்தப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது, அந்த வழியும் அவரோடு பள்ளியை விட்டுப் போய்விடுகிறது.

ஜப்பானில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது

1872-இல் மெய்ஜி அரசு நாடு முழுவதற்குமான கல்வி ஆணையைப் பிறப்பித்தது. அதுவரை தெராகோயா என்ற ஊர்ப் பள்ளிகளில், நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் போல, வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஒரே வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து, கரும்பலகையைக் காட்டி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்துவது அந்த நாட்டுக்கே புதிது. அதே ஆண்டு டோக்கியோவில் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மரியன் ஸ்காட் என்ற அமெரிக்கர் இந்த முறையை நடத்திக் காட்டினார். வருங்கால ஆசிரியர்கள் அதைப் பார்த்துக் கற்றார்கள். மறு ஆண்டே பயிற்சிப் பள்ளியோடு இணைந்த தொடக்கப் பள்ளி ஒன்றும் எழுந்தது. அது இன்றும் சுகுபா பல்கலைக்கழக இணைப்புப் பள்ளியாக டோக்கியோவில் இயங்குகிறது. அது நடத்தும் பொதுப் பாடங்களைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வருகிறார்கள்.

1875-இல் அரசு அமெரிக்காவுக்கு அனுப்பிய தகாமினே ஹிதேயோ, நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ பயிற்சிப் பள்ளியில் சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோசியின் வழியைக் கற்றுத் திரும்பினார். கண்முன் இருக்கும் பொருளிலிருந்து தொடங்கிக் குழந்தையைக் கவனிக்கவும் சிந்திக்கவும் வைப்பது அந்த வழி. 1883-இல் வாகபயாஷி தொரசாபுரோவும் ஷிராய் த்சுயோஷியும் எழுதிய கற்பித்தல் கையேடு, பாடத்தை எப்படி நடத்துவது என்பதோடு, நடந்த பாடத்தை எப்படி விமர்சிப்பது என்பதையும் சொன்னது. பயிற்சிப் பள்ளிகளில் விமர்சனப் பாடங்கள் வழக்கமாயின; அங்கிருந்து சாதாரணப் பள்ளிகளுக்குப் பரவின. தொடக்கத்தில் இது அரசு விதித்த முறையை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் கருவியாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் அது மெல்ல ஆசிரியர்களின் சொந்தப் பழக்கமாக மாறியது.

பாடம் உருவாகும் விதம்

பார்ப்பது இந்த முறையின் நடுப்பகுதி மட்டுமே. அதற்கு முன்னால் பல வார வேலை இருக்கிறது. பள்ளி முழுவதும் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான ஆய்வுப் பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். 'தன் எண்ணத்தைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளைகள்' என்பது போல, பிள்ளைகளிடம் எது குறைகிறது என்று ஆசிரியர்கள் கருதுகிறார்களோ அதை ஒட்டியே அது அமையும். அதன்பின் ஒரே வகுப்பை அல்லது அடுத்தடுத்த வகுப்புகளை எடுப்பவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். வெவ்வேறு பதிப்பகங்களின் பாடநூல்களை ஒப்பிட்டு, அந்தக் கருத்தை யார் எந்த வரிசையில் அறிமுகம் செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். முந்தைய வகுப்பில் பிள்ளைகள் எதைக் கற்றார்கள், அடுத்த வகுப்பில் எது வரப்போகிறது என்பதையும் அலசுவார்கள்.

இதை விளக்க ஒரு கழித்தல் கணக்கு போதும். முதல் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலை எந்த எண்களோடு தொடங்குவது? வெளியாளுக்கு எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுதான். ஆசிரியர் குழுவுக்கு அப்படியில்லை. 13-இலிருந்து 9 என்று கொடுத்தால், பிள்ளையின் மனம் பதிமூன்றைப் பத்தாகவும் மூன்றாகவும் பிரித்து, பத்திலிருந்து ஒன்பதை எடுத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை மூன்றோடு கூட்டி 4 என்று சொல்ல வாய்ப்பு அதிகம். கழித்துக் கூட்டும் வழி அது. 12-இலிருந்து 3 என்று கொடுத்தால் வழி மாறும். பிள்ளை முதலில் இரண்டைக் கழித்துப் பத்துக்கு வரும். பிறகு இன்னொன்றைக் கழித்து 9 என்று சொல்லும். கழித்துக் கழிக்கும் வழி. இரண்டும் சரிதான். ஆனால் பின்னால் வரும் பெரிய எண்களின் கழித்தலுக்குக் கைகொடுப்பது முதல் வழி. பிள்ளையின் இயல்பான எண்ணும் பழக்கத்துக்கு நெருங்கியது இரண்டாவது. 12-இலிருந்து 7 என்று கொடுத்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். இரு வழிகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட வாய்ப்புக் கிடைக்கும். விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு எந்த எண் சிரமம் தரும் என்பதும் பேச்சில் வரும். ஒரு சிறு கழித்தலுக்காகப் பெரியவர்கள் இத்தனை நேரம் செலவிடுவது வீண்வேலை போலத் தோன்றலாம். கணக்குப் பிடிக்காமல் போகும் பிள்ளை முதன்முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இப்படியொரு இடத்தில்தான்.

இந்தப் பேச்சின் விளைவாக எழுதப்படும் பாடத்திட்டம், நம் பாடக்குறிப்பேட்டைவிட மிக விரிவானது. ஆசிரியர் கேட்கப்போகும் கேள்விகள் ஒரு பத்தியில் இருக்கும். அதன் எதிரே பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்கள், தவறான பதில்களும் சேர்த்து. அடுத்து, ஒவ்வொரு பதிலையும் ஆசிரியர் எப்படிக் கையாள்வார் என்பது. இந்த மூன்றிலும் அதிக உழைப்பு நடுவில் உள்ளதற்குத்தான். பிள்ளை எப்படித் தவறாக யோசிக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க, அந்த வயதுப் பிள்ளைகளோடு பல ஆண்டு பழகியவர்களின் அனுபவம் வேண்டும். மூத்த ஆசிரியரிடமிருந்து இளையவர் பெறுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பாடம் நடக்கும் நாளில் பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பிள்ளைக்கு உதவக்கூடாது, தவறைத் திருத்தக்கூடாது, தங்களுக்குள் பேசக்கூடாது. ஆசிரியர் கணக்கைக் கொடுத்துவிட்டு மேசைகளுக்கு இடையே நடப்பார். அது வெறும் மேற்பார்வை அல்ல; யார் எந்த வழியில் போகிறார், யாரை முதலில் பலகைக்கு அழைப்பது, யாரைக் கடைசியில் அழைப்பது என்று அப்போதுதான் முடிவு செய்கிறார். எளிய வழி முதலில் வரும், நுட்பமான வழி பிறகு வரும். பலகையில் எழுதியதைப் பாடம் முடியும்வரை அழிப்பதில்லை. அன்றைய பாடத்தின் முழுப் பயணமும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பிள்ளைகளின் கண்முன் நிற்கும். சுவரோரம் நிற்பவர்களில் ஒருவர் மூன்றாம் வரிசைச் சிறுமி ஒருத்தியை மட்டுமே 45 நிமிடமும் கவனிப்பார்: எப்போது எழுதத் தொடங்கினாள், எதை அடித்தாள், பக்கத்துப் பையன் சொன்னதைக் கேட்டு எந்த இடத்தில் மாற்றினாள். முன்னால் நின்று பாடம் நடத்துபவரால் ஒருபோதும் பார்க்க முடியாத விவரங்கள் இவை. இன்னொருவர் வகுப்பில் வந்து நிற்பதன் முழுப் பயனும் இதில் அடங்கியிருக்கிறது.

என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது

பாடத்துக்குப் பிந்தைய கூட்டத்தில் முதலில் பேசுபவர் பாடம் நடத்தியவர். எதிர்பார்த்தது எது, நடந்தது எது என்று அவரே சொல்வார். அடுத்துத் திட்டமிட்ட குழுவினர் பேசுவார்கள். பிறகுதான் மற்றவர்கள். பாடம் குழுவினுடையது என்பதால் குறையும் குழுவினுடையது. பேச்சில் 'நீங்கள்' குறைந்து 'நாம்' வருவதற்கு இந்த வரிசை உதவுகிறது. கடைசியில், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அனுபவசாலி ஒருவர், பல்கலைக்கழகப் பேராசிரியரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, நடந்ததைத் தொகுத்து அந்தப் பாடத்தின் ஆழத்தை எடுத்துக்காட்டுவார்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில்தான் இந்த முறை நிற்பதும் சரிவதும். ஆசிரியரின் குரல், நின்ற விதம், நேரக் கட்டுப்பாடு என்று பேச்சு போனால், பாடம் நடத்தியவர் தற்காப்பில் இறங்கிவிடுவார்; பார்த்தவர்களுக்கும் எதுவும் மிஞ்சாது. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் சக ஆசிரியர் பயிற்றுமுறையை முன்வைத்த ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் இந்தச் சிக்கலை நேரில் கண்டவர்கள். பார்த்தவர் கருத்துச் சொல்லத் தொடங்கியதும், எவ்வளவு கவனமாக இருந்தாலும், அது மதிப்பெண் போடுவதாக மாறிவிட்டது. 1996-இல் எழுதிய கட்டுரையில் அவர்கள் ஒரு துணிச்சலான மாற்றத்தைச் சொன்னார்கள்: வாய்வழிக் கருத்துரையையே தங்கள் முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய ஏற்பாட்டில் பாடம் நடத்துபவரே பயிற்றுநர். பார்க்க வந்தவர் கற்றுக்கொள்பவர். பார்க்கிறவர் தம் வகுப்புக்கு எதை எடுத்துச் செல்கிறார் என்பதே கேள்வி.

ஜப்பானுக்குள்ளேயே இதே திசையில் ஒரு திருத்தம் நடந்தது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மனாபு சாத்தோவின் வழிகாட்டலில், 1998-இல் கனகாவா மாநிலத்தின் சிகசாகி நகரில் தொடங்கப்பட்ட ஹமானோகோ தொடக்கப் பள்ளி, கற்றல் சமூகமாகப் பள்ளி என்ற கருத்தைச் செயல்படுத்தியது. அங்கே எல்லா ஆசிரியர்களும் தம் வகுப்பைத் திறந்துவைக்க வேண்டும். மெருகேற்றிய பாடத்திட்டம் முதன்மையல்ல. எந்தப் பிள்ளை எங்கே கற்றது, எங்கே தடைபட்டது என்பதே பேச்சின் மையம். பார்த்தவர்கள் அறிவுரை சொல்வதில்லை. தாங்கள் அந்த வகுப்பிலிருந்து கற்றதைச் சொல்கிறார்கள். இந்தோனேசியா, வியட்நாம், தைவான் வரை இந்த அணுகுமுறை சென்றிருப்பதற்கு, மனிதரைக் காயப்படுத்தாமல் வேலையைப் பேசும் இந்த நாகரிகம் முக்கியக் காரணம் என்றே சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில்

சீனாவில் இதற்கு நிகரான ஏற்பாடு அரசு விதியாகவே இருக்கிறது. 1952 முதல் பள்ளிகளில் பாடவாரியாகக் கற்பித்தல் ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரே பாடத்தின் ஆசிரியர்கள் ஒரே அறையில் அமர்ந்து தயாரிக்கிறார்கள். ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது வேலையின் பகுதி. ஒரே பாடத்தை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக நடத்த, மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. இதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விடை இருக்கிறது: பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி நடத்திய ஆசிரியர் கணக்கெடுப்பு ஒன்றின்படி, ஷாங்காயின் நடுநிலை வகுப்பு ஆசிரியர் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரமே வகுப்பில் நின்றார். கணக்கெடுப்பில் பங்கேற்ற நாடுகளின் சராசரி 19 மணி நேரம்.

மேற்கு நாடுகளின் கண்ணில் ஜப்பானிய முறை பட்டது ஒரு வீடியோ ஆய்வால். 1995-ஆம் ஆண்டின் டிம்ஸ் என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வை ஒட்டி ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81 என 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் படமெடுக்கப்பட்டன. ஜப்பானிய வகுப்பில் பிள்ளைகள் கணக்கோடு போராடி வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்க வகுப்பில் ஆசிரியர் காட்டிய வழியைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். இந்த வேறுபாட்டையும் அதன் பின்னாலிருந்த பாட ஆய்வையும் ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் இருவரும் 1999-இல் நூலாக வெளியிட்டார்கள். அதே காலத்தில் நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரப் பள்ளி ஒன்று, கனெக்டிகட்டில் இருந்த ஜப்பானியப் பள்ளி ஆசிரியர்களின் உதவியோடு இதைச் செய்துபார்க்கத் தொடங்கியது. கலிபோர்னியாவில் கேத்தரின் லூயிஸ், சிகாகோவில் அகிஹிகோ தகஹாஷி ஆகியோர் இதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். ஆப்பிரிக்காவில் ஸாம்பியா, ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவின் உதவியோடு 2005 முதல் இதைக் கையாள்கிறது.

பலன் கிடைத்ததா? சான்றுகள் ஒரே திசையில் இல்லை. இங்கிலாந்தில் சுமார் 180 தொடக்கப் பள்ளிகளில் பாட ஆய்வைச் சோதித்த அறிக்கை 2017-இல் வந்தது. மாணவர்களின் கணக்கு, வாசிப்பு மதிப்பெண்களில் மாற்றம் தெரியவில்லை. அங்கேயே 82 உயர்நிலைப் பள்ளிகளில் சக ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்து மதிப்பிடும் சோதனை நடந்தது. முதலில் வந்த மதிப்பீட்டறிக்கை அதற்கும் பலன் இல்லை என்றது. பிறகு அதே சோதனையின் தரவுகளை வேறு வகையில் அலசிய சைமன் பர்ஜெஸும் உடன் ஆய்வாளர்களும் சிறிய, ஆனால் உறுதியான முன்னேற்றத்தைக் கண்டு 2021-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவற்றுள் கவனிக்க வேண்டியது, பார்க்கப்பட்ட ஆசிரியரின் மாணவர்கள் மட்டுமல்லாமல், பார்த்த ஆசிரியரின் மாணவர்களும் பயனடைந்தார்கள் என்பது. அமெரிக்காவில் லூயிஸும் ரெபெக்கா பெரியும் நடத்திய சோதனையில், பின்னங்களைப் பற்றிய தரமான பாடப்பொருள் தொகுப்போடு பாட ஆய்வு செய்த குழுக்களில் ஆசிரியர், மாணவர் இருவரின் அறிவும் உயர்ந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. கூடிப் பார்ப்பது மட்டும் போதாது. பேசுவதற்குப் பாடப்பொருளில் சரக்கு வேண்டும். பின்னத்தைப் பற்றி ஆழ்ந்த அறிவில்லாத மூவர் கூடிப் பார்த்தால், மூவரும் கலைந்துபோகும்போதும் பின்னம் பழையபடிதான் இருக்கும். ஜப்பானில் பாடநூல் ஒப்பீட்டுக்கும் வெளி அனுபவசாலிக்கும் இருக்கும் இடத்தை, பல நாடுகள் நேரமில்லை என்று சொல்லி வெட்டிவிட்டன.

மதிப்பெண்ணோடு கலப்பதும் இந்த முறையைக் கெடுத்துவிடும். இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதை 2014-இல் நிறுத்தியது. ஆய்வாளர் வரும் நாளில் நடப்பது வழக்கமான பாடம் அல்ல என்பது ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்ததே. சம்பள உயர்வும் பணி மாறுதலும் தொங்கிக்கொண்டிருக்கும்போது எந்த ஆசிரியரும் தமக்குச் சரியாக வராத பாடத்தை மற்றவர் பார்க்க நடத்தமாட்டார். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பாடத்தில்தான்.

ஜப்பானிலும் எல்லாம் சீராக இல்லை. உயர்நிலைப் பள்ளிகளில் பாட ஆய்வு தொடக்கப் பள்ளி அளவுக்கு வேரூன்றவில்லை. சில இடங்களில் அது பல பக்கத் திட்டமும் ஒத்திகை பார்த்த பாடமுமாகச் சடங்காகிவிட்டது. ஓஇசிடியின் 2018 கணக்கெடுப்பில் ஜப்பானிய நடுநிலை ஆசிரியரின் வார வேலை 56 மணி நேரம். அதில் வகுப்பில் கற்பிக்கும் நேரம் 18 மணி மட்டுமே. சராசரி வார வேலை 38 மணி நேரத்தைச் சற்றே தாண்டும் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் அந்தச் சுமை புரியும். விளையாட்டுக் குழுக்களும் அலுவலகக் காகிதங்களும் தின்றுவிட்ட மிச்ச நேரத்தில்தான் பாட ஆய்வு நடக்கிறது.

சிறிய பள்ளிகளுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் பள்ளியில் ஒருவர் மற்றவர் வகுப்பைப் பார்க்கப் போனால் தம் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஜப்பானில் இதற்கு ஊர் அளவிலான ஏற்பாடு உண்டு: ஒரு நகராட்சியின் எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் குறிப்பிட்ட நாளில் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, பாடவாரியாகப் பிரிந்து, அந்தந்தப் பாடத்துக்கு ஒரு பள்ளியில் கூடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள் ஏராளம். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் கூட்டத்தைப் பிள்ளைகள் வரும் வேலைநாளுக்கு மாற்றி, மைய வகுப்பு ஒன்றில் ஒருவர் பாடம் நடத்த மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பார்த்ததை எவரும் மதிப்பெண் பட்டியலாக மேலிடத்துக்கு அனுப்பமாட்டார்கள் என்ற உறுதிமொழியும், பேசுவதற்கென்று நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கப்பட்ட அரை நாளும் தேவை.